பூங்காவும் முதல்வர் உத்தரவும்

கேள்வி: முதலமைச்சரே உத்தரவு போட்டுவிட்டால், சாமானியர்கள் கோர்ட்டுக்குப் போய் என்னதான் சாதிக்க முடியும்? (அல்சூர் வாசகர்)

பதில்: ஒரு பூங்காவைக் காப்பாற்றலாம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அங்கே ஓடி விளையாடிய பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில், லேஅவுட் வரைபடத்திலேயே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் அது. 1976-இல் முதல்வரின் உத்தரவைப் பிடித்துக்கொண்டு, தனியார் டிரஸ்ட் ஒன்றுக்கு நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்துவிட்டார்கள். எமர்ஜென்சி காலம், 'ஏன்' என்று கேட்பதே அப்போது கொஞ்சம் ஆபத்தான பழக்கம். பின்னர் அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்கே போய்க் கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் முதல் சுற்றில் தோல்வி, அப்பீலில் வெற்றி. டிரஸ்ட் விடவில்லை, டெல்லிக்குப் போனது. பூங்காவைவிட ஆஸ்பத்திரி நல்லதுதானே, வழக்குப் போட இவர்கள் யார் என்றெல்லாம் வாதம்.

1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூங்காவை இழக்கப்போகிற குடியிருப்பாளர்கள் அந்நியர்கள் அல்ல. சட்டப்படி வகுத்த திட்டத்தை முதல்வர் தன்னிஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது என்றது. நிர்வாகச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு.

எல்லா வழக்கும் அவ்வளவு இழுப்பதில்லை. அதே ஊரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை இரும்பு மேம்பாலம், 800-க்கும் மேற்பட்ட மரங்களுக்கு வேட்டு என்று 2016-இல் அரசு கிளம்பியது. 'பேடா' (கன்னடத்தில் 'வேண்டாம்') என்று ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அந்த அக்டோபரிலேயே பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டது.