ராஜாவின் படையும் கம்பெனிக் கணக்கும்

கேள்வி: 1806-இல் வேலூர்க் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் படை கம்பெனியுடையதா, ராஜாவுடையதா? (வாசகர், ஆரணி)

பதில்: இங்கிலாந்து ராஜாவுடையதுதான். 69-ஆம் காலாட்படையின் நான்கு பிரிவுகள் அங்கே இருந்தன. ராஜா படை இந்தியாவுக்கு வரத் தொடங்கியது 1754-இல், 39-ஆம் ரெஜிமென்டோடு. கொடி லண்டனுடையது, செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அந்தப் பணம் வந்தது நம் உழவர் கட்டிய வரியிலிருந்து. ஆக, நம்மை அடக்க வந்தவருக்குச் சோறு போட்டதும் நாம்தான்!

அதே கோட்டையில் இருந்த நம் சிப்பாய்களில் குடுமி வைத்தவர், தாடி வைத்தவர் எல்லோர் தலையிலும் தோல் பட்டை வைத்த புதுத் தொப்பியை மாட்டச் சொன்னார்கள். நெற்றியில் சமயக் குறியும் கூடாதாம். சிப்பாய்கள் பொங்கிவிட்டார்கள். ஜூலை 10 விடியுமுன், தூங்கிக்கொண்டிருந்த 69-ஆம் படையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். மதிலில் ஏற அவருக்கு 69-ஆம் படையில் மிஞ்சியவர்கள் கயிறு இறக்கினார்கள், வாசலைப் பீரங்கி திறந்தது. அதன்பின் செத்த சிப்பாய்கள் பல நூறு பேர். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அந்தக் கொடுமையை என்னால் மன்னிக்க முடியவில்லை. தொப்பி உத்தரவு ரத்தானது. சென்னை கவர்னர் பென்டிங்க், தளபதி கிரேடக் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.