வாரத்துக்கு எத்தனை நாள்?

இன்று காலை லிஃப்டில் ஒருவர் என் மோதிர விரலைப் பிடித்து இழுத்துவிட்டார். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்கூட இல்லை. நாலாவது மாடியில் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர். விரலில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தார். "சுளுக்கா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் விரல் அவர் கைக்குப் போய்விட்டது. "ஒரு சொடக்கு எடுத்தா சரியாப் போயிரும்." சொடக்கு வரவில்லை, நான் போட்ட கூச்சல்தான் வந்தது. அதைக் கேட்டு வாட்ச்மேன் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஓடி வந்தார். மூச்சு வாங்கியபடி டேப்பைப் பார்த்தார். "சுளுக்கா சார்?"

சுளுக்கு இல்லை. சுவர் ஏறுகிறேன், அதில் வந்தது. வாரத்துக்கு எத்தனை நாள் ஏறினால் உடம்பு பழுதாகாது என்பதைத்தான் எழுதித் தருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். ஓர் எண், அதுவும் ஒற்றை இலக்கம். அதைச் சொல்ல இவ்வளவு பக்கம் எதற்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சுவர் என்றால் காம்பவுண்டுச் சுவர் இல்லை. குளிரூட்டிய கூடத்துக்குள் பலகையால் எழுப்பிய சுவர். அதில் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருக்கிறார்கள். பச்சையில் ஆரம்பித்தால் பச்சையிலேயே போய் முடிக்க வேண்டும். நடுவில் வசதியாக ஒரு மஞ்சள் சிரித்துக்கொண்டிருந்தாலும் தொடக் கூடாது. கயிறு கிடையாது, கீழே கனத்த மெத்தை. கை வியர்க்காமல் இருக்க சாக் பவுடர் பூசிக்கொள்கிறோம். வீடு திரும்பும்போது என் சட்டையைப் பார்ப்பவர்கள் மாவு மில்லில் வேலையா என்று கேட்கிறார்கள். என் வயதுக்காரர்கள் வாக்கிங் போய்விட்டு மெதுவடை சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் விரலை யாரும் இழுப்பதில்லை.

விரலுக்கு என்ன ஆயிற்று என்று பிசியோதெரபி பார்க்கும் பெண் பொறுமையாக விளக்கினார். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லையாம், முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் நீண்டு வந்து விரலெலும்பை ஒட்டி ஓடுகின்றன. அவை எலும்பை விட்டு எழும்பாமலிருக்கக் குறுக்கே நார்ப் பட்டைகள், பைஜாமாவில் நாடா ஓடுகிற மடிப்பு மாதிரி. அவற்றில் விரலின் அடிக்கணுவில் இருப்பதற்கு ஏ2 என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் விளிம்பை விரல் நுனியால் கவ்வி, நடுக்கணுவை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிடும்போது பாரம் போய் விழுவது ஏ2 தலையில்தான். அது அறுந்தால் சிலருக்கு 'டப்' என்று சத்தமே கேட்குமாம். எனக்குக் கேட்கவில்லை, அறுந்த அளவுக்குப் போகவில்லை. இழுபட்டிருக்கிறது. இன்று காலை இன்னும் கொஞ்சம் இழுபட்டது.

இதில் சதி என்னவென்றால், தசை சில வாரங்களில் பலம் ஏறிவிடுகிறது. நாணுக்கும் பட்டைக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை தேற மாதக்கணக்கில் ஆகும். முன்கை "நான் ரெடி" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிற சமயத்தில் விரலுக்கு இன்னும் தகவலே போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் வாரத்துக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்கு…

அதற்கு வருகிறேன். அதற்கு முன் மாடி வீட்டு மாமி.

மாமி டேப்பைப் பார்த்த அன்றே புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்க வைத்துக் கிண்ணத்தோடு இறங்கி வந்துவிட்டார். பொறுக்கிற சூட்டில் பத்துப் போட வேண்டும். பொறுக்கிற சூடு என்பது மாமிக்குப் பொறுக்கிற சூடு. நாற்பது வருஷமாக வெறும் கையால் கொதிக்கிற குக்கரை இறக்கியவர். எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "புளி வீக்கத்துக்குல்லா, சுளுக்குக்கு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும்" என்றார். முட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் மாமி கிண்ணத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. என் விரல் நடுவில் நிற்கிறது.

இஸ்திரி போடுபவர் இன்னும் தாராளம். "லேசா ஒத்தடம் கொடுத்தா போதும் சார்" என்று பெட்டியையே நீட்டினார். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது. காரைக்குடி அத்தை பிரண்டையைக் கூரியரில் அனுப்பினார். துவையலுக்கு முன் நல்லெண்ணெயில் நன்றாக வதக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும் என்று போனில் சொன்னார், நான் சாப்பிட்ட மறுநாள். ஹோமியோபதி படித்த மைத்துனர் விரலைப் பார்க்கவே இல்லை. கனவில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். பழைய ஆபீஸ் நண்பர் யூரிக் ஆசிட் என்று தீர்ப்புச் சொல்லிப் பருப்பை நிறுத்தச் சொன்னார். டூவீலர் மெக்கானிக் ஆட்டுக்கால் சூப்பைச் சொல்லிவிட்டு, எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போனால் எலும்பில் மஜ்ஜை இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வாட்ச்மேன் கட்சி மாறாதவர். அவருக்கு எதற்கும் புத்தூர்க் கட்டுதான். ஒரு விரலுக்காக முழங்கை வரை கட்டுவார்கள் என்று சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு பக்தி தெரிந்தது.

ஆனால் எல்லாரையும் ஓரங்கட்டியவர் பூக்கார அம்மா. "எங்க அக்கா பையன் காலு முன்னாடி வந்து பொறந்தவன். அவன் ஒரு மிதி மிதிச்சா சுளுக்கு ஓடிரும்." இதை நம்பாதவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை, முதுகு பிடித்துக்கொண்ட அன்று அப்படி ஒரு பையனைத் தேடித் தெருத்தெருவாக ஆள் அனுப்பியவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் முதுகு வேறு, மோதிர விரல் வேறு. அக்கா பையன் ஒரு மாலை வந்தேவிட்டான். உணவு டெலிவரி செய்கிறவன், வாட்டசாட்டமான ஆள், பெரிய பூட்ஸ். கையைத் தரையில் வைக்கச் சொன்னான். வலது காலா இடது காலா என்று என் மனைவி கேட்டாள். அவள் கேட்ட தோரணையில் சந்தேகம் இல்லை, நடைமுறை ஆர்வம்தான் இருந்தது. பூட்ஸைக் கழற்ற வேண்டுமா என்று பூக்கார அம்மா. பிறந்தபோது பூட்ஸ் போட்டிருக்கவில்லையே என்று எதிர்வீட்டுக்காரர். கழற்றினால் போதாது, காலைக் கழுவ வேண்டும் என்று மேலிருந்து மாமி. எதிர்வீட்டுக்காரர் சொன்னதை மாமி வழிமொழிந்தது அந்த ஒரு முறைதான். பையனுக்கு நடுவில் ஆர்டர் வந்து கிளம்பிப் போனதால் நான் இன்று இந்தக் கட்டுரையை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெற்றிலை பாக்கும் நூறு ரூபாயும் மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

வைத்தியம் சொன்ன வாய்கள் அத்தனையும் அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "வாரத்துக்கு எத்தனை நாள் போறீங்க?" இரண்டு என்று சொல்லிப் பாருங்கள். "அதான், உடம்பு பழகல." நான்கு என்று சொல்லுங்கள். "அதான், ஓவராப் போச்சு." மூன்று என்றால் ஒரு கணம் யோசிக்கிறார்கள். "எந்தெந்தக் கிழமை?"

சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று சுவர்க்கூடத்துப் பயிற்சியாளரைக் கேட்டேன். கொண்டை போட்ட தம்பி. "உங்க பாடி சொல்றதைக் கேளுங்க சார்" என்றான். என் உடம்பு கல்லூரிக் காலத்திலிருந்தே படுத்துக்கொள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் உன் கூடத்துக்குச் சந்தா கட்டியிருப்பேனா? அடுத்த கேள்விக்கு அவன் வழக்கமான இடத்துக்குப் போய்விட்டான்: வோல்ஃப்காங் குல்லிக். ஜெர்மானியர். 1988-இல் நியூரம்பர்க்கில் ஒரு பலகையில் மரச் சட்டங்களை ஏணிபோல வரிசையாக அடித்து, கால் தொடாமல் கையால் மட்டும் தாவித் தாவி ஏறிப் பழகினார். அந்த விரல் பலத்தோடு 1991-இல் ஆக்சியான் டிரெக்ட் என்ற பாறைத் தடத்தை ஏறி முடித்தார். அந்தக் காலத்தில் உலகிலேயே அதைவிடக் கடினமானது இல்லை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குல்லிக்குக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று வயது. தவிர, ஏறிவிட்டு வந்ததும் பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்கித் தரும்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே மாதிரி பலகை எங்கள் கூடத்திலும் ஒரு மூலையில் உண்டு. பிள்ளைகளை அதன் பக்கம் விடமாட்டார்கள். வளரும் வயதில் விரலெலும்பின் வளர்ச்சித் தட்டு மூடியிருக்காது, கண்டபடி தொங்கினால் அதில் முறிவு விழலாம். ஆகவே அந்த மூலையில் எப்போதும் அமைதி. நான் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறேன். எனக்கும் அந்தப் பலகையில் ஏறத் தெரியாது. ஆனால் அங்கே அந்த ரெட்டைச் சடைப் பெண் வரமாட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும். கோழிக்குஞ்சு எடை. நான் தொங்கித் தவிக்கும் பச்சைத் தடத்தில் பேசிக்கொண்டே ஏறிப் போவாள். "அங்கிள், கையால இழுக்காதீங்க, காலால தள்ளுங்க." போன வாரம் அவள் தம்பியும் வந்திருந்தான். அவன் அங்கிள் என்று சொல்லவில்லை. "தாத்தா விழப்போறாரு பாரு" என்றான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் சாம் வாட்சன் என்ற அமெரிக்கப் பையன் 15 மீட்டர் சுவரை 4.74 விநாடியில் ஏறி உலக சாதனை படைத்தான், கிடைத்தது வெண்கலம்தான். எங்கள் லிஃப்டின் கதவு மூடவே அதைவிட அதிக நேரமாகும், அதனால்தான் கண்டவர்களும் உள்ளே வந்து விரலைப் பிடிக்கிறார்கள். உலக சாதனைக்கே வெண்கலம் என்றால் எனக்குத் தாத்தா பட்டம் நியாயம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. கீழே இரண்டு வாண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, தளர்ந்துபோன கையோடு "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று ஏறினேன். விரல் இழுத்துக்கொண்டது அப்போதுதான்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் கடைசியில் நேராகவே கேட்டேன். "அடுத்தடுத்த நாள் மட்டும் வேண்டாம் சார், நடுவுல ஒரு நாளாவது விடுங்க. ஏறுறதுக்கு முன்னாடி சுலபமானதுல கொஞ்சம் சூடு பண்ணிக்குங்க. எத்தனை நாள்ங்கிறது…" என்று ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. காரைக்குடி அத்தை. பிரண்டை தீர்ந்துவிட்டதா, இன்னும் அனுப்பவா? நான் பேசி முடிப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலில் ஒரு முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே திரும்பி, "வலி இல்லாத நாளாப் பார்த்துப் போங்க சார்" என்றார்.

வலி இல்லாத நாள்! திங்கட்கிழமை கழுத்து. செவ்வாய் இடுப்பு. புதன் வெயிலாக இருந்தால் தலை, மழையாக இருந்தால் முழங்கால். வியாழன் எதுவும் வலிக்கவில்லையே என்று பயந்து உடம்பை அங்கங்கே அமுக்கிப் பார்த்ததில் தோள்பட்டை. இந்த விதிப்படி போனால் எனக்கு வருஷத்தில் தீபாவளிக்கு ஒரு தடவை சுவரேற அனுமதி கிடைக்கலாம், அன்றைக்குக் கூடம் விடுமுறை.

ஆகவே நாணையும் ஏ2-வையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடத்து வரவேற்பு மேசையில் விசாரித்தேன். ரெட்டைச் சடைக்குச் செவ்வாயும் வெள்ளியும் அபாகஸ் வகுப்பாம், தம்பிக்கும் அங்கேயே. நான் அந்தக் கிழமைகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அபாகஸ் மாஸ்டர் அடிக்கடி லீவு போடுகிறவரா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.