கைமண் அளவு

மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க உலகம் என்னென்னவோ செய்கிறது. ஆழத்துக்கு ஆழம் துளைபோட்டு மண் எடுக்கிறார்கள், கண்காணிப்புக் கிணறு இறக்குகிறார்கள், மாதிரியைப் பனிக்கட்டியில் பொதிந்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் வீண் செலவு. 2009 செப்டம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் போபாலின் யூனியன் கார்பைடு வளாகத்துக்குப் போனார். அங்கே கிடந்த கழிவைக் கையில் அள்ளினார். உயிரோடுதான் இருக்கிறேன், இருமக்கூட இல்லை என்றார். ஆய்வு முடிந்தது. மாதிரி ஒரு பிடி, கருவி ஓர் உள்ளங்கை, காலம் சில நொடி. பாதரசம் என்றால் தொட்டவரை நின்ற இடத்திலேயே சாய்க்க வேண்டும். வருடக்கணக்கில் சிறுநீரகத்திலும் நரம்பிலும் குடியிருந்து வேலை பார்த்தால் அது அமைச்சரவைக் கணக்கில் நஞ்சே அல்ல.

கார்பைடுக்காரர்கள் இவரைவிடக் கெட்டிக்கார விஞ்ஞானிகள். கழிவுநீரை வெயிலில் காயவைக்க 1977-இல் ஆலைக்கு வெளியே குளங்கள் வெட்டினார்கள். குளம் கசிகிறது, கவலையாக இருக்கிறது என்று 1982-லேயே டெலக்ஸ் போனது. கவலைப்பட்டதோடு சரி. ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு ஊரை அள்ளிக்கொண்டு போய் ஐந்தாம் ஆண்டில், 1989-இல், வளாகத்து மண்ணும் நீரும் எடுத்து மீன்களை வைத்துச் சோதித்தார்கள். பல மாதிரிகளில் மீன்கள் ஒன்று விடாமல் செத்தன. முடிவு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் அடிகுழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. உண்மை தெரிந்த மீன்களுக்கும் பேச வராது.

அப்புறம் நம்முடைய நீரி வந்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் என்று முழுப்பெயர் சொன்னால் எழுந்து நிற்கத் தோன்றும். களிமண் கெட்டியாக இருக்கிறது, நஞ்சு நிலத்தடி நீரைத் தொட 23 ஆண்டு பிடிக்கும் என்று 1997-இல் கணக்குச் சொன்னது. கார்பைடு காசு கொடுத்து அமர்த்திய ஆலோசனை நிறுவனமே அதைப் படித்துவிட்டு, நிலைமை மோசமானால் இரண்டே ஆண்டு போதும் என்றது. குற்றவாளியின் கணக்குப்பிள்ளை நம் அரசு ஆய்வகத்தைப் பார்த்து, கொஞ்சம் பயப்படுங்கள் ஐயா என்று கெஞ்ச வேண்டியிருந்தது! 1999-இல் கிரீன்பீஸ் வந்து சோதித்தபோது ஆலையைச் சுற்றியிருந்த குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்த கரைப்பான்கள் இருந்தன. நஞ்சு 23 ஆண்டுக் கணக்கைப் படிக்கவில்லை போலும். அரசும் சும்மா இருக்கவில்லை, பெயின்ட் வாங்கியது. அடிகுழாய்களுக்குச் சிவப்பு அடித்து, குடிக்க உதவாது என்று எழுதிவைத்தது. வேறு எதைக் குடிப்பது என்று எழுதக் குழாயில் இடமில்லை. நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இந்த மண் சோதனைத் தொழிலின் சூட்சுமம் ஒன்று உண்டு. எங்கே துளை போடுவது, எத்தனை அடியில் நிறுத்துவது, எந்த ரசாயனத்தைத் தேடச் சொல்வது என்பதை முடிவு செய்தாலே அறிக்கை பாதி எழுதியாயிற்று. தேடச் சொல்லாத நஞ்சைக் கருவி தானாக வந்து காட்டிக்கொடுக்காது. மண்ணைச் சுத்தம் செய்யத்தான் சோதிக்கிறார்கள் என்று நினைப்பவர் அப்பாவி. அடுத்த சோதனைவரை கை கட்டி நிற்பதற்காகச் சோதிக்கிறார்கள்.

நஞ்சேறிய மண் 11 லட்சம் டன் என்று 2010-இல் மதிப்பிட்டார்கள். 2025 ஜனவரியில், நாற்பது ஆண்டு கழித்து, ஆலைக்குள் மூட்டைகட்டி வைத்திருந்த 337 டன் கழிவைப் பூட்டிய கண்டெய்னர்களில், ராத்திரியில், போலீஸ் காவலோடு பீதம்பூருக்கு ஏற்றினார்கள். மந்திரி வெறுங்கையால் அள்ளிய சரக்குக்கு இத்தனை காவல் எதற்கு? அங்கே எரித்ததில் சுண்ணாம்பும் சேர்ந்து 800 டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சியது. கழிவு வந்த இடத்து மக்கள் எங்கள் தலையில் ஏன் கொட்டுகிறீர்கள் என்று தெருவில் நின்றார்கள். எரித்தது, மதிப்பிட்ட மண்ணோடு வைத்துப் பார்த்தால், பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அந்த மண்ணோ போபாலிலேயே கிடக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் கீழே இறங்குகிறது, யாரிடமும் டெண்டர் கேட்காமல்.

அமைச்சர் கைநீட்டிய அதே 2009-இல், கார்பைடை வாங்கிய டவ் நிறுவனத்தின் லண்டன் பக்கத்து அலுவலகத்துக்குக் குறும்புக்காரர் சிலர் போபால் அடிகுழாய்த் தண்ணீரை அழகான பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டிக் கொண்டுபோனார்கள். கட்டடத்தில் ஆளில்லை. அவர்கள் வருவது தெரிந்து முன்கூட்டியே எல்லோரும் வெளியேறிவிட்டிருந்தார்கள்.