போன தடவை வந்தப்போ

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் தமிழர்கள் குடியிருக்கும் எந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் இந்த ஜோடி ஒன்று இருக்கும். மாமா ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி ஒரு வகுப்பையே பார்வையால் அடக்கி ஓய்வு பெற்றவர். பயணம் என்றால் இவர்களுக்குக் கொங்கணம்தான். மகன் சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்பான். "அங்கே போய் என்னத்தைப் பாக்கறது? இன்னும் குஹாகரே முடியலை" என்பார் மாமா. குஹாகர் என்பது நீளமான ஒரு கடற்கரையும், அதை ஒட்டி ஓடும் ஒரு தெருவும்.

இவர்கள் போவது ஊர் பார்க்க என்று யாராவது நினைத்தால் அது தப்பு. போவது தணிக்கைக்கு. போன தடவை விட்டுவிட்டு வந்ததெல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டாமா? ரயிலிலேயே தணிக்கை தொடங்கிவிடும். 1998-ல் முழுப் பாதையும் திறந்த கொங்கண் ரயில்வேயில் சுரங்கங்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல். நீளமான சுரங்கம் ஒன்றுக்குள் ரயில் நுழைந்ததும் மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வெளியே வந்ததும் மறுபடி பார்ப்பார். அரை நிமிஷம் கூடியிருந்தால் ரயில்வே கெட்டுப்போய்விட்டது. குறைந்திருந்தால் கடிகாரம்.

சிப்ளூணில் இறங்கி வாடகைக் கார். பாவம், டிரைவர் பையன் பிறந்து வளர்ந்ததே இந்த மண்ணில்தான். அவனுக்கும் மாமாதான் வழி சொல்வார், மாட்டுங்கா மராத்தியில். "போன தடவை வந்தப்போ இந்த வளைவுல ஒரு பலாமரம் நின்னுது" என்பார். "அது அடுத்த வளைவு" என்பார் மாமி. கார் நிற்கும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். மரம் இரண்டு வளைவிலும் இருக்காது. அதற்காகச் சண்டை நின்றுவிடுமா?

இவர்களை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஹேத்விக்குப் போக வேண்டும். அங்கே கடலோரப் பாறையில் பாமண்கள் என்று குறுகலான ஒரு வெடிப்பு. கடல் ஏறும் நேரத்தில் அலை அதற்குள் புகுந்து, போக இடமில்லாமல், ஆள் உயரம் தாண்டி மேலே பீச்சியடிக்கும். நேரம் தவறினால் வெறும் பாறைதான். அதற்குக் கொங்கணத்து மீனவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: திதியை முக்காலால் பெருக்கினால் கடல் ஏறும் மணி வரும். பௌர்ணமி என்றால் பதினைந்து முக்கால் பதினொன்றேகால். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மாமாவின் பெட்டியில் வேட்டிக்கு மேல் பஞ்சாங்கம் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம். அங்கேதான் வந்தது வினை. மாமியின் பிறந்த வீட்டில் திருக்கணிதம்.

"இன்னிக்குப் பௌர்ணமி. பதினொண்ணேகாலுக்கு வரும்."

"காலம்பற சதுர்த்தசின்னா இருக்கு! பத்தரைக்கே வந்துடும். உங்காத்துப் பஞ்சாங்கத்துல என்னிக்குத் திதி சரியா இருந்துது?"

அரபிக்கடல் இரண்டு கட்சிக்கும் பொதுவாக நடந்துகொண்டது. பத்தரைக்கு வரவில்லை, பதினொன்றேகால் வரை காத்திருக்கவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் பீச்சியடித்து, செல்போனில் படமெடுக்கப் போன டிரைவர் பையனைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. "பாத்தேளா, பத்தரைக்குப் பக்கம்" என்றார் மாமி. "பதினொண்ணேகாலுக்கும் பக்கம்தான்" என்றார் மாமா. பையன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

பிறகு தவ்சாளில் காரோடு படகில் ஏறி, முகத்துவாரத்தைக் கடந்து ஜெய்கட். கணபதிபுளேயில் மலையையே சுற்றிப் பிரதட்சிணம். இதிலெல்லாம் தகராறு இல்லை. பிள்ளையார் இரு தரப்புக்கும் ஏற்றவர்.

ரத்னகிரியில் தீபா மன்னரின் அரண்மனை. 1885-ல் பர்மாவின் சிம்மாசனத்திலிருந்து இறக்கிய மன்னரை ஆங்கிலேயர்கள் முதலில் மதராசுக்குக் கொண்டுவந்து, அடுத்த வருஷம் இங்கே குடிவைத்தார்கள். அரண்மனை கட்டிக் கொடுத்தது 1910-ல். அதில் ஆறு வருஷம் இருந்து 1916-ல் காலமானார். மாமா ஒவ்வொரு தடவையும் அதே மேல்மாடத்தில் நின்று பெருமூச்சு விடுவார். "முப்பது வருஷம் இதே கடலைப் பாத்துண்டு இருந்திருக்கான். கொடுத்து வெச்சவன்!"

"அவனை வெளியே விடலை, பாத்துண்டிருந்தான். உங்களை யார் பிடிச்சு வெச்சா?"

இருவரும் முட்டைகூடத் தொடாதவர்கள். ஆனாலும் மிர்கர்வாடா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகாமல் பயணம் நிறையாது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு மாமி சுர்மை எது, பாங்டா எது, ஹல்வா எது என்று தவறில்லாமல் சொல்வார். "செவுளைப் பிரிச்சுப் பாருங்கோ, சிவப்பா இல்லேன்னா வாங்காதேள்" என்று முன்பின் தெரியாதவர்களுக்கு யோசனையும் உண்டு. அது சரியான யோசனைதான் என்பது இன்னும் ஆச்சரியம்.

தங்குவது எப்போதும் குஹாகரில் அதே வீட்டில், தோப்புக்கு நடுவே. அந்த வீட்டம்மா வைக்கும் சோல்கடியில் புளிப்பு போன தடவையைவிட ஒரு மாற்றுக் குறைவு என்று மாமா சொல்லாத வருஷம் இல்லை. தேங்காய்ப்பாலும் கோகமும் கலந்த அந்த இளஞ்சிவப்புப் பானத்தை மூன்று தம்ளர் குடித்துவிட்டுத்தான் சொல்வார். வீட்டம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்கு அதனால் ஒரு லாபம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வழி கேட்டால், திண்ணையில் இருக்கும் மாமாவைக் கை காட்டிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்படித்தான் சென்னையிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று மாட்டிக்கொண்டது.

"எத்தனாவது தடவை?" என்றார் மாமா.

"முதல் தடவை, சார். நாளைக்கு எங்கே போகலாம்னு..."

மாமாவின் முகம் மலர்ந்தது. "சாப்டுட்டு வந்து உக்காருங்கோ. ஒண்ணொண்ணா சொல்றேன்" என்று பஞ்சாங்கம் எடுக்க உள்ளே போனார்.

மாமி அந்தப் பெண்ணை அருகில் கூப்பிட்டார். "காலம்பற அஞ்சு மணிக்கே கிளம்பிடுங்கோம்மா. இவர் ஆறு மணிக்குத்தான் எழுந்துப்பார்."