ரீச் மாமா

ராஜேந்திரா பிளேஸ் மெட்ரோவில் இறங்கி, புசா ரோட்டில் கரோல் பாக் பக்கமாக நடந்தால் வழியெல்லாம் ஐஏஎஸ் கோச்சிங் விளம்பரம். டிசம்பர் காலையில் மங்கி குல்லாவும் மஃப்ளருமாக ஒருவர் அந்தப் போஸ்டரை மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தால், பரீட்சை எழுத வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்தான் ரீச் மாமா.

"எத்தனை செலவு பண்ணி அடிச்சிருக்கான்! ஒரு கீவேர்டு இருக்கா பாருங்கோ" என்று நம்மிடம் துக்கம் விசாரிப்பார்.

ரீச் மாமா ஒரு ஆள் இல்லை, ஒரு ஜாதி. தில்லித் தமிழர் வசிக்கும் பேட்டை எதுவானாலும் குறைந்தது ஒருவர் தேறுவார். சாஸ்திரி பவன், நிர்மாண் பவன் என்று ஏதோ ஒரு பவனில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். பெங்களூர் மகன் ஒரு டிரைபாடும் காலர் மைக்கும் வாங்கி அனுப்பியிருப்பான். அதோடு விட்டிருக்கலாம். "யூடியூபில தேடறவா கண்ணுல நம்ம வீடியோ படறதுக்கு எஸ்இஓன்னு ஒண்ணு இருக்குப்பா, அதைப் பாத்துக்கோ" என்று போனில் சொல்லித் தொலைத்திருப்பான்.

பார்த்துக்கொண்டார். யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்து, விவரக் குறிப்புக்கு 5000, டேகுகளுக்கு மொத்தம் 500. சர்க்கார் கொடுத்த ஒதுக்கீட்டை மார்ச் மாதத்துக்குள் செலவழித்தே பழகிய கை. ஓர் எழுத்தைக்கூடத் திருப்பி ஒப்படைக்க மனசு வராது. ரசம் வைக்கும் வீடியோவின் விவரக் குறிப்பில் சாம்பார், குழம்பு, நவராத்திரி, யுபிஎஸ்சி, தில்லிக் குளிர் எல்லாம் ஆஜர். ஹேஷ்டேகை மட்டும் எண்ணி எண்ணிப் போடுவார். 60-ஐத் தாண்டினால் யூடியூப் அத்தனையையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிடும் என்ற விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

முகப்புப் படம் இன்னொரு கதை. கரோல் பாக் போகிற எல்லாருக்கும் தெரியும், மெட்ரோப் பாலத்தை ஒட்டி 108 அடி அனுமார் நிற்கிறார். ரீச் மாமாவின் எல்லா வீடியோவின் முகப்பிலும் அவர் பின்னால் நிற்பார். சுந்தர காண்டத்துக்குப் பொருத்தம்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் ஃபில்டர் மாற்றுவது எப்படி என்ற வீடியோவிலும் நிற்பதுதான் இடிக்கிறது. முன்னால் மாமா வாயைப் பிளந்து ஃபில்டரை விரலால் சுட்டிக்கொண்டிருப்பார். "முகத்துல அதிர்ச்சி இருந்தாத்தான் கிளிக் விழும்." முப்பது வருஷம் ஃபைலில் எதைக் கண்டும் அதிர்ச்சி அடையாதவர்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவரை அருகிலிருந்து பார்த்தேன். பெண்ணின் அப்பா, 'லைவ்' பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டார். வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் முதல் பகுதி 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது ஓட வேண்டும். யூடியூபின் விதி அது. மாமா ஒரு டைரித் தாளில் 'ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்யதாரணம்' என்று எழுதி வைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் நெருங்க நெருங்க அவருக்கு வேர்த்தது. விடுவிடுவென்று எழுந்து தவில்காரரிடம் போய்க் காதில் சொன்னார்: "கெட்டிமேளம் பத்து செகண்டுக்குக் கொறையப்படாது. கொறஞ்சா தாலி தனியா வராது." தவில்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வாசித்தார் பாருங்கள், மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு, வியர்வை துடைத்து, தண்ணீர் கேட்டும் மேளம் நிற்கவில்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு விஷயம் தெரியாமலா இருக்கும்? டேகுகளால் பெரிய உபயோகம் இல்லை, ஜனங்கள் அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடுகிற சொற்களுக்குத்தான் அவை கொஞ்சம் உதவும் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. 2012-லிருந்து எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதற்குத்தான் அங்கே மவுசு. எல்லாம் தெரியும். ஆனால் பார்க்கிறவனை உட்கார வைப்பது மேலதிகாரிகளின் கொள்கை முடிவு மாதிரி, தன் செக்‌ஷனில் வராது என்பது அவர் கட்சி.

மாமி விடமாட்டாள். "2021-லயே ஒரு கோடிப் பேரைச் சேர்த்தாரே புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தா, வில்லேஜ் குக்கிங் சேனல், அவர் டேக் போட்டா சேர்த்தார்?"

"போட்டிருந்தா 2020-லயே சேர்ந்திருக்கும்" என்பார் மாமா, கண்ணாடியைக் கழற்றாமல்.

அவரை முழுக்கக் கேலி செய்யவும் முடியவில்லை. அவர் போட்ட முதல் வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். மகன் எஸ்இஓ என்ற சொல்லைச் சொல்வதற்கு முந்தியது. இந்த ரோட்டுக்குப் புசா என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறார். பீகாரில் புசா என்ற ஊரில் 1905-இல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம். 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்கு வந்தது, வரும்போது ஊர்ப் பெயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டே மாமா நடக்கிறார். பின்னால் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையில் ஓடுகிறார்கள், ஒரு பையன் கேமராவுக்கு நாக்கைத் துருத்துகிறான். அனுமார்கூட இல்லை. அருமையான வீடியோ. பார்த்தவர்கள் உறவுக்காரர்களும் நானும்தான். "இதை யாரு சார் தேடறா? தேடல் பெட்டியில தட்டிப் பாத்தேன், ஒரு சஜஷன்கூட வரலை" என்று அவரே அதை ஒதுக்கிவிட்டார்.

ஜனங்கள் தேடுவதை அவர் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். மாடி அறையில் இருந்த திருநெல்வேலிப் பையன் காலி செய்துகொண்டு போனபோது, அடுத்த ஆளுக்காக அறையைப் படம் பிடித்துப் போட்டார். கட்டில், மேஜை, கூலர், பால்கனியில் காயும் ஒரு பனியன். தலைப்பு: 'ஓல்ட் ராஜேந்திர நகர் அருகில் ரூம் காலி, புரோக்கர் இல்லை.' அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு போனது. தமிழ்நாட்டிலிருந்து ஐஏஎஸ் படிக்கக் கிளம்பும் ஒவ்வொரு பிள்ளையும் ரயில் ஏறுமுன் இந்தப் பனியனைத் தரிசித்துவிட்டுத்தான் ஏறுகிறான். வாடகை என்ன, கரண்ட் தனியா, சமைக்கலாமா என்று கீழே கேள்வி குவிகிறது. மாமா ஒருவரையும் விடாமல் பதில் எழுதுவார்: "முதலில் லைக் செய்யவும்."

அறைக்கு மறு வாரமே ஆள் வந்துவிட்டது. வீடியோவை எடுக்கச் சொன்னால் எடுப்பாரா? அவருடைய சேனலில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

2024 டிசம்பரில்தான் கொஞ்சம் ஆட்டம் கண்டார். வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் முகப்பிலும் காட்டி ஏமாற்றினால் இந்தியாவில் கடுமையாக நடவடிக்கை எடுப்போம் என்று யூடியூப் அறிவித்த மாதம் அது. இரண்டு நாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தலைப்பைத் திருத்தினார். 'ரூம் காலி' என்றிருந்ததை 'ரூம் காலி?' என்று ஆக்கினார். கேள்வி கேட்பது எந்தச் சட்டப்படியும் குற்றம் இல்லையாம்.

பிள்ளைகளுக்குக் கேள்விக்குறியெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது? முதுகில் பையோடு இன்னும் மணி அடிக்கிறார்கள். கதவைத் திறப்பது மாமிதான்.

"ரூம் இல்லேப்பா. உள்ள வா, காபி குடிச்சுட்டுப் போ. சப்ஸ்கிரைப் பண்ணினியோ?"

"இல்ல மாமி."

"பண்ணிடு. இல்லேன்னா அவர் பத்து நிமிஷம் பேசுவார்."