ஐந்தாம் இடத்து ஆசாமி

2025 நவம்பர் 18-ஆம் தேதி இரவு டாக்காவில் கால்பந்தில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றது. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பையை மேலே வைக்கக்கூட இல்லை, பக்கத்து சீட் தம்பி போனை நீட்டிவிட்டான். "சார், அஞ்சு பேர் ரெடி."

எதற்கு அஞ்சு பேர் என்று நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள். காலித் ஜமீல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று நான்கு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. அதனால் என்ன? தோல்வி உறுதியாகும் முன்பே அடுத்த பயிற்சியாளர் பட்டியல் தயாராகிவிட வேண்டும். 11-வது நிமிடத்திலேயே கோல் விழுந்துவிட்டதால் தம்பிக்கு நிதானமாக யோசித்து எழுத அவகாசம் இருந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் பட்டியலின் மேல் இல்லை. என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னால். ஆத்திரம், அவன் மார்சேலோ பியெல்சாவை முதலிடத்தில் வைத்திருந்ததில்.

இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு, தம்பி. முதலிடம் ஒருநாளும் வரப்போகாதவருக்கு. 2025 ஜூலையில் அந்த இடத்தில் ஸாவி இருந்தார். முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் போன பிறகு காலியான வேலைக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பார்சிலோனாவின் ஸாவியும் ஒருவர் என்று செய்தி கசிந்தது. சம்பளம் கட்டுப்படியாகாது என்று நாம் அவரை நிராகரித்துவிட்டோமாம். உலகத் தரவரிசையில் 133-வது இடத்தில் இருந்துகொண்டு உலகக் கோப்பை வென்றவரைத் தட்டிக்கழித்த மிதப்பில் இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. பிறகு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே சொல்லிவிட்டது: ஸாவி பெயரில் வந்த மின்னஞ்சலும் பொய், குவார்டியோலா பெயரில் வந்த மின்னஞ்சலும் பொய். குவார்டியோலா வேறு விண்ணப்பித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்திருந்தால் பட்டியலைத் திருத்தியிருப்பேன்.

இரண்டாம் இடம், ஐரோப்பாவில் எங்கோ ஒரு தேசிய அணியை நடத்தியவருக்கு. அந்தத் தேர்வில் இறுதி மூவரில் வந்த ஸ்டெபான் தார்கோவிச் அப்படிப்பட்டவர். யூரோ போட்டிக்கு ஸ்லோவாக்கியாவை அழைத்துப் போனவர். அங்கே ஸ்பெயினிடம் 0-5 என்று தோற்றார்களே என்று கேட்கக் கூடாது. தோற்றது ஸ்பெயினிடம் அல்லவா, அதுவும் ஒரு தகுதிதான். மூன்றாம் இடம் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனுக்கு. 2002-இல் ஒருமுறை வந்தார், 2015-இல் மறுமுறை வந்தார், 173-இல் கிடந்த நம்மை 100-க்குள் கொண்டுவந்தார், போய்விட்டார். இன்னொரு தரம் வந்தால் ஆதார் அட்டையே கொடுத்துவிடலாம். நான்காம் இடம் ஓர் இந்தியருக்கு. நாட்டுப்பற்று, மேலே பேச ஒன்றுமில்லை.

ஐந்தாம் இடம்தான் பியெல்சாவுக்கு. எந்த நாட்டில், எந்த அணிக்கு, எந்த வருடம் பட்டியல் போட்டாலும் ஐந்தாம் இடம் மார்சேலோ பியெல்சாவுக்கு. முதல் நான்கு பெயர்கள் நமக்குக் கால்பந்து தெரியும் என்பதற்கு. ஐந்தாவது, மற்றவர்களைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்பதற்கு. அவரை முதலில் வைத்தால் நிஜமாகவே அவர் வேண்டும் என்று அர்த்தமாகிவிடும். யாருக்கு வேண்டும்?

பட்டப்பெயரே 'கிறுக்கன்'. 2015-இல் மார்செய் அணியில் சீசனின் முதல் ஆட்டம் முடிந்த கையோடு ராஜினாமா செய்தவர். மறு வருடம் லாட்சியோவில் அதுவும் தாங்கவில்லை. அறிவிப்பு வந்த இரண்டாம் நாளே விலகல். நம் ஊரில் இரண்டு நாளில் ஐடி கார்டுக்குப் போட்டோகூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் லீட்ஸ் அணியை 16 வருடம் கழித்து மேல்தட்டு லீக்குக்கு ஏற்றியவரும் அவர்தான். எதிரணியின் பயிற்சியை ஒளிந்து பார்க்க ஆள் அனுப்பி மாட்டிக்கொண்டபோது, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பவர்பாயின்ட் போட்டுக் காட்டினார். ஆள் அனுப்பியது நான்தான், ஆனால் அனுப்பாமலே எனக்கு இவ்வளவும் தெரியும் என்பது அதன் சாரம். இரண்டு லட்சம் பவுண்டு அபராதத்தைத் தன் கைக்காசிலிருந்தே கட்டினார். எங்கள் அலுவலகத்திலும் பவர்பாயின்ட் உண்டு. கைக்காசு போட்டுக் கட்டியவரை இதுவரை பார்த்ததில்லை.

பிறகு அந்த வாளி. லீட்ஸில் பயிற்சியாளருக்கு மெத்தை வைத்த இருக்கை இருக்கும்போதே, கோட்டோரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். இந்தியாவுக்கு வந்தால் எதன்மேல் உட்காருவார் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து காலி பெயின்ட் பக்கெட்தான் பொருத்தம், இருபது லிட்டர். நம் ஊரில் வாட்ச்மேன் முதல் கொத்தனார் வரை அதில்தான் உட்காருகிறார்கள், யாரையும் அது கைவிட்டதில்லை. ஆனால் கூட்டமைப்பு பழைய பக்கெட்டை வாங்காது. புதியதற்கு மூன்று கொட்டேஷன் கேட்கும். மூன்றில் குறைந்த விலைக்காரர் மூடியில்லாமல் அனுப்புவார். மூடி இருந்தால்தான் கவிழ்க்காமல் உட்காரலாம், இல்லாவிட்டால் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் விளம்பரதாரர் பெயர் தலைகீழாகத் தெரியும், அதற்கு விளம்பரதாரர் ஆட்சேபிப்பார், பெயரையே தலைகீழாக அச்சிட ஒரு துணைக்குழு அமைப்பார்கள். துணைக்குழுவின் அறிக்கை வருவதற்குள் பியெல்சா ராஜினாமா செய்திருப்பார். பக்கெட் மட்டும் இருக்கும். அடுத்த பயிற்சியாளரிடம் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதையும் ஒப்படைப்பார்கள்.

குப்பைக் கதையை விட்டுவிட்டேனே. ஒரு டிக்கெட் வாங்க ரசிகர் எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று லீட்ஸில் விசாரித்திருக்கிறார். மூன்று மணி நேரம் என்றார்கள். உடனே வீரர்களை மூன்று மணி நேரம் மைதானத்தைச் சுற்றிக் குப்பை பொறுக்க வைத்தார். இங்கே அதைச் செய்தால் வீரர்கள் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொருவர் போட்டுக்கொண்டு வருவார். அந்த இன்னொருவரும் ரசிகர்தான். அவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.

இதையெல்லாம் தம்பிக்கு விளக்கினேன். பூந்தமல்லி தாண்டும் வரை விளக்கினேன். கடைசியில், "இன்னிக்குக் காலையில உருகுவே அமெரிக்காகிட்ட 1-5ன்னு தோத்துப்போச்சு, தெரியுமா? அதுக்குக் கோச் யாரு?" என்றேன். பியெல்சாதான்.

"தெரியும் சார். அதனாலதான் மொதல்ல போட்டேன். சீக்கிரம் ஃப்ரீ ஆயிடுவாரு."

இப்படிப்பட்டவர்களோடுதான் தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம்.

சொல்ல வந்தது ஜமீலைப் பற்றி. 13 வருடம் கழித்து இந்தப் பதவிக்கு வந்த இந்தியர். மிசோரத்தின் ஐஸ்வால் அணியை 2017-இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அப்போது எவருடைய பட்டியலிலும் அவர் இல்லை. அவரைப் பற்றி மூன்று விஷயங்கள் குறித்து வைத்திருந்தேன். முதல் விஷயம், டாக்கா ஆட்டமே ஒன்றுக்கும் ஆகாத ஆட்டம்: ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து நாமும் வெளியே, அவர்களும் வெளியே. இருந்தும் 2003-க்குப் பிறகு முதல்முறையாக அவர்களிடம் தோற்றோம். இதில் பயிற்சியாளர் பங்கு எவ்வளவு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் தம்பி ஆறாவது ஒரு பெயர் சொன்னான். ஆறு என்றால் எனக்கு எரிச்சல் வரும். அஞ்சு என்றால் அஞ்சு.

தம்பியிடம் நம் அணியின் இடது பின்கள ஆட்டக்காரர் பெயர் கேட்டேன். யோசித்தான். பிறகு என்னைக் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய ஐஎஸ்எல் லீக் அப்போதும் தொடங்கியிருக்கவில்லை. நம் சென்னையின் எஃப்சி உட்படப் பல அணிகள் நடுவில் கடையைச் சாத்தின. வீரர்கள் சம்பளம் வருமா என்று காத்துக் கிடந்தார்கள். லீக்கை நடத்தும் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒருவர்கூட ஏலம் கேட்டிருக்கவில்லை. பயிற்சியாளர் வேலைக்கு 170 பேர், லீக்கை நடத்த சைபர். பொய் மின்னஞ்சல் அனுப்பிய புண்ணியவான்கூட இதற்கு ஒன்று தட்டிவிடவில்லை.

பட்டியல் போட வேண்டாம் என்று யாரையும் சொல்லமாட்டேன்; சொன்னால் கேட்கவா போகிறீர்கள். லீக்கை எடுத்து நடத்தக்கூடிய அஞ்சு பேரின் பெயர் உங்களில் எவரிடமாவது இருந்தால் தயவுசெய்து டெல்லிக்கு அனுப்பிவையுங்கள். மூன்று பேர் இருந்தாலும் போதும், வரிசைகூட வேண்டாம்.