காந்தம் வாடகைக்கு

மோனே, நல்ல காரியம் செய்தாய். ஆச்சி கட்டிக் காத்த சில்வர் பானை, நெளிந்த கரண்டி, துருப்பிடித்த நங்கூரம் எல்லாத்தையும் ஒரே சாக்கில் போட்டு இரும்பு விலைக்கே குடுத்துவிட்டாய். பழைய இரும்புக்காரன் சல்லி அம்மன் கோயிலைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டு போனானாம். இனியும் அப்படியே செய். பிரித்து வைத்தால் அந்த மனுசனுக்கு எங்கால லாபம்?

அவன் மடியில் ஒரு காந்தம் இருந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். போனைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாய். நங்கூரம் காந்தத்தில் பட்டென்று ஒட்டும். நல்ல சில்வர் பானை ஒட்டாது. அதில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். தனியே கிடக்கும் நிக்கல் காந்தத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டும். இந்தக் கலவைக்குள் வந்தபிறகு, கலியாணம் முடித்த பொடியன் மாதிரி, திரும்பியும் பார்க்காது. அதுக்காக ஒட்டாததெல்லாம் நல்ல சில்வர் என்று துள்ளாதே. பித்தளையும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கலந்த மலிவுச் சில்வரும் ஒட்டாது. இதையெல்லாம் பார்த்துப் பிரிக்கத்தான் இரும்புக்காரனுக்குக் கண் வேணும்.

உனக்கென்ன, பானை போனால் புதுப் பானை. அதுக்கு நிக்கல் எங்கால? உலகத்தில் தோண்டுகிற நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில். அங்கே சுலவேசித் தீவில் காட்டை வழித்து மண்ணைக் கிண்டுகிறார்கள். மழை பெய்தால் சிவப்புச் சேறு கடலுக்கு இறங்குது. அங்கேயும் வலை போடுகிற சனம்தான். பழைய சில்வரை உருக்கினால் அதிலிருக்கிற நிக்கல் குணம் கெடாமல் அடுத்த சில்வருக்குள் போகும். ஆனால் வெறும் இரும்போடு கலந்து உலைக்குள் போனால் அந்த நிக்கல் போன இடம் தெரியாது.

பழசை எப்படிப் பாவிக்கிறதென்று வெள்ளைக்காரனைப் பார். 1942 ஏப்ரல் 9, யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டு வெள்ளைக்காரனின் ‘சகாயிங்’ கப்பலை எரித்தான். எரிந்த கப்பல்தானே என்று வெள்ளைக்காரன் விட்டானா? அடுத்த வருசமே துறைமுகத்துக்குள் தாழ்த்தி, இறங்குதுறையாக்கினான். 2018இல்தான் எங்கட கடற்படை அதைக் கிளப்பினது. அவன் எரிந்த கப்பலில் வேலை வாங்கினான்; நீ நெளியாத பானையை விற்றாய். படித்த பிள்ளை!

இரும்புக்காரன் திரும்பவும் வருவான். அதுக்குள் இரும்பை ஒரு சாக்கில், சில்வரை ஒரு சாக்கில், பித்தளையை ஒரு சாக்கில் போட்டு வை. என்னிடம் ஒரு காந்தம் கிடக்குது, பழைய ஸ்பீக்கரில் கழற்றினது. வேணுமென்றால் வந்து வாங்கு. வாடகைக்குத்தான் தருவேன்.